அக்காள் வீட்டு ஒயின்

என் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்களுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வேலை முடிந்ததும் சாராயக் கடைக்குப் பின்வழியாகப் போவார். நின்றபடியே குடித்துவிட்டு, வெங்காயம் ஒன்றைக் கடித்துக்கொண்டு, தெருவோரமாகவே நடந்து வருவார். அம்மா சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் எழுந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் அக்காளைப் புதுச்சேரியில் கொடுத்தோம். அத்தான் அங்கே குமாஸ்தா. அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் அம்மாவின் ஊரான திண்டிவனத்து மாதாகோயிலில் நடந்தது. விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒயின் புட்டிகளைத் திறந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரு வாய் பருகினார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள், கள் குடிக்காத நாள் இல்லாதவர்கள், தலை நிமிராமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒருமுறை நாங்கள் மூவரும் புதுச்சேரி போனோம். எல்லையான கண்டமங்கலத்துக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி; வேறு தேசம், வேறு சட்டம். மத்தியானச் சாப்பாட்டில் அக்காளின் மாமனார் ஒயினில் தண்ணீர் கலந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

"சம்பந்தி, சோத்தோட ஒரு கிளாஸ். அதுக்கு மேல கேட்டாலும் தர மாட்டேன்" என்றார்.

"பொண்ணுங்க எதிர்ல எப்படிங்க?" என்றார் அப்பா.

"இது இன்னா திருட்டு சாமானா, ஒளிச்சிக் குடிக்கறதுக்கு?"

அப்பா கிளாஸைத் தொடவில்லை. திரும்பும் ரயிலில் அம்மா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"நீங்களும் நம்ம வூட்லயே குந்தி குடிங்க. ரோட்டோரமா வர வேணாம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் குடிப்பது மரியாதை, நாங்கள் குடிப்பது அவமானம் என்று நான் அன்று முடிவு கட்டிவிட்டேன்.

யுத்தம் வந்தது. கப்பல் வரத்து நின்று ஒயின் அரிதாகிப்போனது. அக்காளின் மாமனார் முணுமுணுக்காமல் வெறும் தண்ணீரோடு சாப்பிட்டார். யுத்தம் முடியும் முன்பே காலமானார். அத்தானால் வெறும் தண்ணீரோடு இருக்க முடியவில்லை. அதே மேசையில் பட்டைச் சாராயத்தை வைத்தார். கிளாஸுக்குக் கணக்கு வைக்க யாருமில்லை.

அக்காள் என்னிடம் சொன்னாள்: "அப்பா ஒளிஞ்சிக்கினு குடிச்சாரு. அந்த வெக்கமாவது இருந்துச்சி. இவுரு புள்ளைங்க எதிர்ல குடிக்கிறாரு. இங்க இதெல்லாம் வழக்கம்தான்றாங்க. நான் யார் கிட்ட போய்ச் சொல்றது?"

யுத்தத்துக்குப் பின் எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. புதுச்சேரி ரயிலில் குடிக்கப் போகிறவர்களின் கூட்டம் நெரிந்தது. அப்பாவும் ஏறினார். இறங்கியதும், மகளைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று அக்காள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பட்டப்பகலில் அத்தான் மேசையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே பிள்ளைகள் இரண்டும் தட்டில் கை வைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வாங்க மாமா. உங்க ஊர்லதான் மூடிட்டாங்களே. எடுத்துக்குங்க" என்று அத்தான் கிளாஸை நகர்த்தினார்.

அப்பா பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து இருவருக்கும் ஊட்டினார். "எங்கூட வந்துடும்மா" என்று அக்காளைக் கூப்பிட்டார். அவள், "இவர விட்டுட்டு எப்படிப்பா வர்றது?" என்று மறுத்தாள். அப்பா அடுத்த ரயிலில் குடிக்காமலே திரும்பினார்.

அன்றோடு குடியை விட்டார். பல நாள் அவருக்குக் கைகால் நடுக்கம் நிற்கவில்லை. அம்மா கேப்பைக் கஞ்சி காய்ச்சிப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். பார்க்க வந்த ஒருவர், "பார்த்தீங்களா, சர்க்கார் சட்டம் உங்களைத் திருத்திடுச்சி" என்றார்.

"சட்டம் இல்லீங்க. அந்தப் புள்ளைங்க பார்த்துக்கினு இருந்துச்சிங்க" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் அத்தான் வயிறு வீங்கி இறந்தார். அடக்கம் முடிந்ததும் அப்பா அக்காளையும் பிள்ளைகளையும் விழுப்புரத்துக்கு அழைத்து வந்தார். வெகுகாலம் வரை அந்தப் பிள்ளைகள், பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடும்.