ஒருவர் மட்டும், நூறு கிலோ

எதைக் கையில் எடுத்தாலும் இரண்டு முறை சுண்டி இழுத்துப் பார்ப்பார் என் மேல்வீட்டுக்காரர். கடைக்காரர் தரும் துணிப்பையின் காது, என் வீட்டுக் கதவின் கைப்பிடி, மொட்டை மாடிக் கொடிக்கயிறு, எதுவும் தப்பாது. அன்று காலை என் ஜன்னலோரம் நின்று அவர் இழுத்துக்கொண்டிருந்தது, பச்சை நிறப் பாராசூட் துணி ஒன்றின் ஓரத் தையல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "கூச்சப்படாம இழுங்க சார். உங்க பலம் எவ்வளவோ அவ்வளவும் போட்டு இழுங்க." இழுத்தேன். என் தோள்தான் வலித்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் குடியிருப்பில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கிறவர். உடன் வேலை செய்பவர்கள் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். தரையில் படுத்தால் இவர் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவருக்காக, மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடும் தூளி ஒன்றைத் தானே தைப்பது என்று போன வருடம் கிளம்பினார். கடையில் விற்கிறதே என்றேன். "அடுத்தவன் போட்ட தையலை நம்பி எப்படி சார் கண்ணை மூடுறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வீடு எனக்கு நேர் மேலே. தையல் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பது என் வீட்டு உத்தரத்துக்குத் தெரியும்.

அந்த முதல் தூளி காட்டில் கிழிந்தது. மனைவி ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்த நொடியில் சர்ரென்று ஒரு சத்தம். ஒன்றரை அடிதான் உயரம். ஆனால் கீழே வேர் இருந்தது. மூன்று வாரம் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் அந்த அம்மா. "ஊரையே தூக்கி இறக்குற ஆளு, பெண்டாட்டியைப் போட்டு உடைச்சிட்டானே" என்று நண்பர்கள் கேலி பேச, இவர் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றாராம். என்னிடம் சொல்லும்போது அந்தச் சிரிப்பும் இல்லை. "தினமும் ஆயிரம் பேர் என்னை நம்பி ஏறி இறங்குறாங்க சார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. போயும் போயும் இவளைக் கீழ போட்டேன்."

ஏன் கிழிந்தது என்பது பல நாள் அவருக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு பத்திரமாகத் தைத்திருந்தார். ஒரு வரிசை போதும் என்ற இடத்தில் நான்கு வரிசை, அதுவும் பொடிப் பொடித் தையல், நெருக்கி நெருக்கி. கண்டுபிடித்துச் சொன்னவர் மனைவிதான். அவர் தபால் நிலையக் கவுன்டரில் இருப்பவர். கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "ஸ்டாம்ப்புத் தாள்ல வரிசையா ஓட்டை போட்டிருக்கும்ல? அதேதாங்க இது. கிழிக்கிறதுக்குத் தோதாத்தான் தெச்சிருக்கீங்க."

அதிகமாகப் பயந்ததால் வந்த வினை. மறுநாளே தடித்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய ஊசியும் உறுதியான நூலும் வாங்கி வந்தார். அங்குலத்துக்கு எட்டுத் தையல், இரண்டே வரிசை, அதற்கு மேல் ஒன்று கூடாது. மனைவி பார்த்தார், தலையாட்டினார், ஒன்று மட்டும் சொன்னார்: "நல்லாத் தைங்க. ஆனா நான் மறுபடி அதுல ஏறுவேன்னு நெனைச்சுக்காதீங்க."

அதற்குப் பிறகு நான்கு தூளி தைத்துப் பிரித்தார். இப்போது முடிந்திருப்பது ஆறாவது. மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் கயிறு கோக்கிற மடிப்பு. கயிற்றைக் கோத்து இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சேர்ந்துகொள்கிறது. மரத்தைச் சுற்றிக் கட்ட, பட்டை அறுபடாதபடி அகலமான நாடா. முனைக்கு முனை மேலே ஒரு மெல்லிய கயிறு, சரியாக இரண்டரை மீட்டர். மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தொய்வு மாறாமல் இருக்க அது. "நீளவாக்குல படுத்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போவோம் சார். கொஞ்சம் கோணலாப் படுக்கணும். கோணலாப் படுத்தாத்தான் முதுகு நேரா நிக்கும்" என்று என் தரையில் படுத்தே காட்டினார். உள்பக்கம் இடதுபுறம் ஒரு சின்னப் பை. எதற்கு என்றேன். "அவ கண்ணாடி வைக்க" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் சோதனை. என் காரை நகர்த்தச் சொல்லிவிட்டு இரண்டு தூண்களுக்கு நடுவே தூளியைக் கட்டினார். வீடு வீடாகப் போய் ஏழு தண்ணீர் கேன் இரவல் வாங்கி வந்து அத்தனையையும் ஏற்றினார். குடியிருப்பு முழுக்கத் தாகத்தோடு வேடிக்கை பார்த்தது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டார். பிறகு ஒரு கேனை அரையடி உயரத்திலிருந்து தொப்பென்று போட்டார். "மனுஷன் கேன் மாதிரிப் பதவிசா உக்கார மாட்டான் பாருங்க." தையல் அசையவில்லை. இருந்தும் அடியில் விரித்திருந்த பழைய மெத்தையை அவர் எடுக்கவில்லை. அந்த விழுதலுக்குப் பிறகு மெத்தை இல்லாமல் அவர் எந்தத் தூளியையும் சோதித்ததில்லை. தான் ஏறிப் படுத்தபோதும் அது கீழேதான் இருந்தது.

இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை எடுத்து ஓரத்தில் கையாலேயே தைத்தார். அழியாத மையில், லிஃப்ட்டுக்குள் எழுதியிருப்பதைப் போலவே எழுதியிருந்தது: ஒருவர் மட்டும். நூறு கிலோ. "ஏத்திப் பார்த்தது நூத்தி நாப்பது. எழுதுறது நூறு. எங்க தொழில்ல அப்படித்தான்" என்று நிமிர்ந்தார். அந்த நிமிர்வைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது, நான் செய்ததெல்லாம் காரை நகர்த்தியது மட்டும்தான் என்றாலும்.

அப்போது படியிறங்கி வந்தார் அவர் மனைவி. கேன்களை எண்ணினார். வெள்ளைத் துணியை நின்று படித்தார். லிஃப்ட்காரர் ஏறச் சொல்லவில்லை. நாடாவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வெள்ளிக்கிழமை எல்லோரும் காட்டுக்குப் போகிறார்கள். ஆறாவது தூளி மூட்டையில் போகுமா, பரணுக்குப் போகுமா என்பது இனி இந்த அம்மாவின் கையில்.

அந்த அம்மா துணியைத் தடவிக்கொண்டே போனார். கையில் அந்தச் சின்னப் பை தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அதில் போட்டார். லிஃப்ட்காரர் அவசரமாகக் குனிந்து மெத்தையை இன்னும் நடுவாக இழுத்துவிட்டார்.

"என்னங்க இது, குறுக்கால" என்று சொல்லிக்கொண்டே, மெத்தையைக் காலால் தள்ளி என் காருக்கு அடியில் விட்டுவிட்டு, ஏறிக் கோணலாகப் படுத்தார் அந்த அம்மா.