மிலுங்கா திறந்த இரண்டு ஜன்னல்கள்

எங்கள் ஊர் ஸாயெச்சாரின் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் இணைப்புக் கொடுத்தவள் மிலுங்கா. கம்பி இருமினால் எந்தக் கிராமத்தில் மழை என்று சொல்லிவிடுவாள். மழை நிற்கும் நேரத்தையும் சொன்னாள் என்பார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு பழைய கணினியை வாங்கிவந்து, சமையல் மேஜையில் திருகு திருகாகக் கழற்றிப் போட்டாள். திரும்ப மாட்டியபோது நாலு திருகு மிச்சம். ஆனாலும் அது முன்பைவிட வேகமாக ஓடியது.

அன்றிலிருந்து எங்கள் அடுக்குமாடியின் கணினிகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். வியாழக்கிழமை வீடு வீடாகப் போய், வீட்டுக்காரர்கள் காப்பி போட்டு முடிப்பதற்குள் புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பித்துவிடுவாள். பேரப்பிள்ளை பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தவர்களை மாடிப்படியில் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள். வெட்கத்தில் மாற்றிவிடுவார்கள்.

அவள் கை படாதது மூன்றாம் மாடி திஹொமிருடைய கணினி மட்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். மனைவி ஸோர்கா பின்னிய குரோஷா விரிப்பை அதன்மேல் போர்த்தியிருந்தார். அதைத் தொட யாரையும் விடமாட்டார். திமோக் பள்ளத்தாக்குக் கிராமங்களின் பழைய சொற்களைப் பதினோரு வருஷமாகச் சேர்த்து அவர் எழுதிய அகராதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வேறு நகல் கிடையாது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குத் தர வேண்டும். புதன்கிழமை காலையிலிருந்து பெட்டி அரை மணிக்கொரு தரம் தானாக அணைந்தது.

காரணம் தேடி இணையத்தில் நுழைந்தார். திரை முழுக்கச் சிவந்து, வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அலறியது. அழைத்தார். தேனாகப் பேசிய ஒருவன், ஒரு நிரலை இறக்கச் சொன்னான். அதன் வழியாக உள்ளே வந்து அவனே சரிசெய்வானாம்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது மிலுங்கா சர்க்கரை கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்று காது கொடுத்தாள். பெட்டிக்குள் விசிறி, மலையேறும் லாரி மாதிரி முனகியது. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனை வாங்கினாள்.

"தம்பி, இந்த மிஷினுக்கு மூச்சு முட்டுறது எனக்கு வாசல்லயே கேக்குது. உனக்குக் கேக்கலையா? அப்புறம் நீ என்ன வைத்தியன்?"

மறுமுனை அணைந்தது.

விரிப்பைத் தூக்கினாள். அதற்கடியில் கம்பளிச் சால்வை வேறு. குறுக்குக் காற்று பட்டால் மனிதனுக்கே கழுத்துப் பிடிக்கிறதே என்று சுற்றிக் கட்டியிருந்தார்.

"வாத்தியாரே, இதுக்கு வைரஸ் எதுவும் இல்ல. நீங்க வேக வச்சிருக்கீங்க."

"நல்லா இருக்கட்டும்னுதானேம்மா போத்தினேன்," என்றார் அவர்.

பெட்டியை அணைத்துத் திறந்தாள். வந்த தூசியில் இரண்டு தலையணை தைக்கலாம். ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு எதிரெதிராக இருந்த இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தாள். குறுக்குக் காற்று ஆளையே கொல்லும் என்று நம்பும் எங்கள் ஊரில் இது கொலைக்குச் சமம். தரைத்தள வீட்டு டிராகினியா அதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஏறிவந்தாள்.

"இந்த மனுஷனைக் கொல்லப் பாக்கறியாடி?"

"அவரு மஃப்ளர் கட்டிக்கட்டும். இதுக்குக் கட்ட வேண்டாம்."

திரும்பப் போட்டபோது கணினி பூனைபோல மெல்ல உறுமியது. முதல் வேலையாக அகராதியை இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவள் வீட்டில், காலி மிளகாய்த் தொக்கு ஜாடிக்குள். பிறகுதான் வைரஸ் தேடினாள். ஒன்றும் இல்லை.

ஜூலை வெயிலில் மஃப்ளரும் ஆட்டுத்தோல் தொப்பியுமாகத் திஹொமிர் இரண்டு நாள் உட்கார்ந்து கடைசிச் சொற்களை எழுதி முடித்தார். பெட்டி ஒரு முறைகூட அணையவில்லை. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அகராதி அச்சகத்தில் இருந்தது. ஸோர்காவின் விரிப்பு இப்போது அச்சான புத்தகத்தின்மேல் கிடக்கிறது.

அகராதி அச்சகத்துக்குப் போன மறுநாள் மத்தியானம் டிராகினியா வீட்டைக் கடந்தேன். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. எட்டிப் பார்த்தேன். அவளுடைய கணினி மேஜைமேல் வெறும் உடம்போடு இருந்தது. அவள் கழுத்துவரை ரஜாயைப் போர்த்திப் படுத்திருந்தாள்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்காத," என்றாள். "அது காத்து வாங்குது."