சித்தியின் கால்

நான் உலகம் சுற்ற ஊரைவிட்டுக் கிளம்பிய திங்கட்கிழமை, என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனவள் சித்தி. பள்ளி வேன் ஓட்டுகிறவள். மறுநாள் ஆம்புலன்ஸ் வேலைக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அது டர்போ வண்டி. பழகிக்கொள்ளட்டும் என்று பக்கத்து வீட்டு டாக்டர் தன் புது டர்போ காரைக் கொடுத்திருந்தார்.

நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரியை முந்த எதிர்த்தடத்தில் ஏறினாள். தூரத்தில் ஒரு பேருந்து வந்தது. மிதித்தாள். கார் வேகமெடுக்கவே யோசித்தது.

"ஏன்டி இது இழுக்க மாட்டேங்குது?"

தன் கிழட்டு வேனை மிதிப்பதுபோல் தரையோடு அழுத்தினாள். அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் கார் பாய்ந்தது. டேங்கரின் சக்கரம் என் ஜன்னலை உரசாத குறை. பேருந்தின் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள்.

"கழுதை ஓட்டின காலுடி. இது குதிரைன்னு அதுக்குத் தெரியல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நாளைக்கு நான் போகல. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத."

நாடு நாடாகச் சுற்றியபோதும் அந்த ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் திரும்புவதற்குச் சற்று முன்புதான் சித்தியிடமிருந்து செய்தி வந்தது: "ஆம்புலன்ஸ்ல உக்காந்துதான் அனுப்புறேன். மறுபடி கூப்பிட்டாங்க, போனேன். டர்போன்னா மெதுவா மிதிச்சுட்டு ஒரு நொடி பொறுக்கணும், அவ்ளோதான்டி. அன்னிக்கு நடந்தது உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது."