கையெழுத்தில்லாத விருந்தோம்பல்

சவரிராயலு ஐயா என் வாழ்க்கையில் பதினான்கு மாதங்களை இல்லாமல் செய்தவர். போன செவ்வாய்க்கிழமை, பாரிஸில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் கத்தரிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணை சொன்னார்: "உன்ரை ஐயா காலமாகிட்டாராம். ஆஸ்பத்திரியிலை." நான் அடுத்த பெட்டியை இறக்கினேன்.

ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் கூடிய உங்களுக்கு அவரைத் தெரியும். புதுச்சேரிக்காரர். நூலகம் ஒன்றில் பாரசீகச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதி ஓய்வுபெற்றவர். பூசை தவறாத கத்தோலிக்கர், ஆனால் பேச்செல்லாம் பாரசீகத்தின் பழைய நிஷாப்பூர் நகரம்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே சிலர் சூஃபிகளின் கம்பளி அங்கியைக்கூடப் போட மறுத்தார்கள். கடைத்தெருவில் எல்லோரையும்போல் உடுத்தி, உழைத்து, செய்த நன்மையை மறைத்தார்கள். வெளியே தெரிந்தால் பக்தி கெட்டுவிடும் என்று நம்பினார்கள். அவர் இதைச் சொல்லும்போது உங்களில் சிலர் கண்கலங்கியதுண்டு. தேநீர் கொண்டுவந்த நானும் கேட்டிருக்கிறேன்.

லா ஷப்பல் மெத்ரோ நிலைய வாசலில் பையோடு நின்ற என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். பெயர் கேட்கவில்லை. வீட்டுச் சாவி தந்தார். "கான்காவுக்கு வழிப்போக்கன் வந்தா யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க தம்பி. சோறு போட்டு எடம் குடுப்பாங்க." கான்கா என்பது சூஃபிகளின் மடம். சோறு போட்டார். அதை மறுக்க மாட்டேன்.

பிறகு பிரெஃபெக்த்யூர் என்ற அரசு அலுவலகத்தில், தற்காலிக வதிவிட அட்டையைப் புதுப்பிக்க, அந்தப் பதினான்கு மாதமும் எங்கே வசித்தேன் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் கேட்டார்கள்.

"செஞ்ச நல்லதுக்கு நானே சர்த்திஃபிகா எழுதிக்கணுமா? எழுதினா அது போச்சுப்பா," என்றார் ஐயா.

"நன்மை உங்கடை, ஐயா. இருந்தது நான்."

நான் விடவில்லை. "அந்த மடங்களுக்கு ரொட்டி எங்கையிருந்து வந்தது?"

"பின்னாடி சுல்தானோட மந்திரிங்க நெலம் வக்ஃபு பண்ணாங்க, தர்ம மானியமா."

"எழுதித்தானே குடுத்தவை?"

சிரித்தார். "நீ என்னைவிட நல்லா படிக்கிறே." பிறகு பேனாவைத் திறந்து தன் கட்டுரைக்கு அடிக்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமும் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகையும் உள்ளவருக்குத் தன்னை மறைப்பது அழகான ஒழுக்கம். எனக்கு அது பொலிஸ் பிடிக்கும் வழி. அங்கே இருந்ததற்குச் சாட்சியாகச் சாவியைக் கொண்டுபோய் அலுவலகக் கவுண்டரில் வைத்தேன். அங்கிருந்த பெண் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். புதுப்பிக்காத அட்டையோடு திரும்பினேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாவிதான்.

சனிக்கிழமை அடக்கப் பூசை முடிந்து கோயில் வாசலில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். என் அட்டைக்கு வருகிற புதன்கிழமை கடைசி நாள் என்று சொன்னேன்.

"நான் அந்த வீட்டிலை இருந்ததைக் கண்டனீங்கள். என்ரை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள். ஒராள் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

ஐயாவின் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசியபடியே மெத்ரோப் படியேறிப் போனீர்கள்.