வரப்பில் வைத்த நாற்றுமுடி

மன்னார்குடிப் பக்கம், எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. நடவு தொடங்கினால் மற்றப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நாற்று சுமக்க வந்துவிடுவார்கள். அம்மா மட்டும் என்னை வயலில் இறக்கவில்லை.

"ஒன் மவ என்ன மகாராணியா? சேத்துல கால வைக்க மாட்டாளோ?" என்று கூட நடுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாடி, மகாராணிதான். ஒனக்கு எங்க எரியுது?" என்பாள் அம்மா.

அந்த வீம்புக்கு வீட்டில் பல நாள் கஞ்சிதான். ஆனாலும் படித்தேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகத் திறந்த காலம் அது. ஒன்றில் வேலை கிடைத்து, முதல் லீவுக்குப் புதுச் சுடிதாரில் ஊருக்கு வந்தேன். அம்மா வயலில் இருந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வரப்பில் நடந்தேன். எல்லாரும் பார்க்கட்டுமே!

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவின்போது யாராவது பளிச்சென்று உடுத்திக்கொண்டு வரப்பில் வந்தால், பெண்கள் கற்றையாகக் கட்டிய நாற்றுமுடி ஒன்றைக் காலடியில் வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுக்காமல் அதைத் தாண்டக் கூடாது. அன்று எனக்கு வைத்தது அம்மாவேதான். சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தேன்.

"காச யாரு கேட்டா? பைய மூடு" என்றாள்.

பின்னால் நாற்றோடு நின்ற எதிர்வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவள். திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவே இல்லை, படிப்பும் நின்றுவிட்டது.

"இவளப் படிக்க வைக்கிறேன்னு சொல்லு. சொல்லிட்டுத் தாண்டு."

நடவே நின்றுபோனது. அந்தப் பெண் தலை நிமிரவில்லை. வந்ததும் வராததுமாக இப்படியா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் கால்களைப் பார்த்தேன், முழங்கால்வரை சேறு. அம்மா விட்டுக்கொடுத்திருந்தால் என் காலும் அதே சேற்றில்தான் நின்றிருக்கும்.

"படிக்க வைக்கிறேம்மா."

"எங்களுக்குக் கேக்கல."

"படிக்க வைக்கிறேன்!" என்று கத்தினேன். வயல் முழுக்கக் குலவை எழுந்தது.

அவள் நர்சிங் முடித்து மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். போன சம்பா நடவின்போது லீவில் வந்தவள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றாள். குனிந்திருந்த யாரும் கவனிக்கவில்லை.

"என்னங்க பெரியம்மா, எனக்கு நாத்துமுடி வைக்க மாட்டீங்களா?" என்று என் அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

அம்மா ஏற்கெனவே ஒருத்தியைப் பார்த்து வைத்திருந்தாள்.