திண்டிவனத்து லெட்டர்

அத்தையைப் பெண் பார்க்க அந்த வருடம் வந்தவர்களில் திண்டிவனத்துக்காரர்கள் நான்காவது கூட்டம். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. அவருடைய அம்மாதான் பேசினார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்றார்.

அப்பா அவர்களைத் திருவாமாத்தூரில் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை தலையிலிருந்த பூவை எடுத்து மாடத்தில் வைத்தாள். லெட்டர் போடுவதாகத்தானே சொன்னார்கள், இதற்கு ஏன் வீடே இப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. முன்பு வந்த மூன்று கூட்டமும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனது. ஒருவரும் போடவில்லை. மறதிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முழுப்பரீட்சை லீவு. தினமும் தபால்காரருக்காகத் தெருமுனையில் நின்றேன். வெளியாள் யாரிடமும் பேசாத நான் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏறப்போன சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பிறகு, "வரும் பாப்பா" என்றார்.

பத்தாம் நாள் ஒன்று தோன்றியது. நம் விலாசத்தை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லையே. அவர்கள் பழம் கொண்டுவந்த மஞ்சள் பையில், மாப்பிள்ளை நடத்தும் மல்லாட்டை மண்டியின் விலாசம் வேர்க்கடலைப் படத்தோடு அச்சடித்திருந்தது. அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்தேன். "லெட்டர் போடுவதாகச் சொன்னீர்கள். எங்கள் விலாசம் இது. அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார், கையில் ஒரு பை மல்லாட்டையோடு. அப்பாவுக்கு உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை.

"அன்னிக்கு எனக்கு வாயே வரலிங்க. அம்மா எழுந்ததும் பின்னாடியே எழுந்துட்டேன். இப்ப அவங்களுக்கும் சம்மதம்தாங்க. சண்ட போட்டுக்கினுதான் வர்றேன்" என்றார்.

அத்தை காபி கொண்டுவந்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவருடைய சட்டைப் பாக்கெட்டில் என் கார்டின் ஓரம் தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து நான் அம்மாவின் காதில், லெட்டர் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. விலாசம் கொடுத்தும் லெட்டர் போடாமலே விட்டுவிட்டாரே என்று மாமா மேல் எனக்கு வெகுநாள் வருத்தம் இருந்தது.