வெறும் வயிற்றோடு வந்த எட்டுப் பேர்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படித்தாள். முதலில் காய்ச்சல்தான் வந்தது. பக்கத்து ஊர் பாலசமுத்திரத்தில் ஊசி போட்டோம். நின்றது, மறுபடி வந்தது. தொடையிலும் கையிலும் நீலமாகக் கன்றிப்போன திட்டுகள். பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். போய் வாத்தியாரைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பதினைந்து நாள் விட்டுவிட்டேன். சித்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா ஒரு சீட்டை மடித்து என் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகாமல் நேராகத் திருப்பதிக்குப் போ என்றார். வழியில் பாகாலா ரயில் ஜங்ஷன் வந்ததும் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ரயில் தெரிகிறதா என்று பார்த்தாள் என் மகள். ஒன்று கூட வரவில்லை.

ரத்தப் புற்றுநோய் என்று திருப்பதி டாக்டர் தெலுங்கில் சொன்னார். எனக்குத் தெலுங்கு புரியும். எங்கள் பக்கம் ஆந்திராவின் எல்லை ஓரம், எல்லாருக்கும் புரியும். அன்றைக்கு ஒரு நாள் புரியாமல் இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தார். எங்களுக்கு அப்போது நிலம் கிடையாது, கூலி வேலைதான். அந்த வருஷங்களில் பெங்களூரில் கம்பெனிக்காரர்கள் பெரிய பெரிய கட்டடமாகக் கட்டினார்கள். எங்கள் காலனி ஆண்களில் திடமாக இருந்தவர்கள் எல்லாரும் கலவை சுமக்க அங்கே போய்விட்டார்கள். ஊரில் இருந்தது பெண்களும் வயதானவர்களும். அவர் வந்து நான்கு நாள் கூட இருந்தார். வேலைக்குப் போனால்தான் மருந்து வாங்க முடியும் என்று திரும்பிப் போனார். பிள்ளை தினமும் காலையில், "நைனா இன்னிக்கு வருமா?" என்று கேட்பாள். நான், "பஸ்ஸு கெடைச்சா வரும்" என்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு சத்திரம் இருந்தது. காய்கறி வியாபாரிகள் சேர்ந்து நடத்தினார்கள். நோயாளிகளின் வீட்டு மனிதர்களுக்கு மதியம் சாப்பாடு, படுக்க இடம். முதல் வாரம் நான் அங்கே தட்டு நீட்டவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு கிடந்தேன். சத்திரத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு என் அக்கா வயது இருக்கும், புருஷன் இல்லாதவர், தெலுங்குக்காரர். ஒரு நாள் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தின்னாவா?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

நான் தலையை ஆட்டினேன்.

"பொய்" என்று தமிழிலேயே சொன்னார். "உன் வாயைப் பாத்தா தெரியல? வந்து உக்காரு. இங்க யாரும் உன்ன ஜாதகம் கேக்கப் போறதில்ல."

அதற்குப் பிறகு தினமும் அவரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைப்பார். பிள்ளைக்குத் தனியாகக் குழைய வைத்த சோறும், காரம் போடாத பருப்பும் தூக்கில் போட்டுத் தருவார்.

மருந்து ஏற ஏறப் பிள்ளைக்கு முடி கொட்டியது. வாய் புண்ணானது. புரட்டாசி மாசத்தில் மூக்கில் ரத்தம் வந்து நிற்கவே இல்லை. அடுத்த மருந்து ஏற்றும் முன்பு ரத்தம் ஏற்ற வேண்டும், எட்டுப் பேராவது வந்து கொடுக்க வேண்டும், சனிக்கிழமை காலைக்குள் வேண்டும் என்றார் டாக்டர். அன்றைக்கு வியாழன்.

நான் யாரைக் கேட்பது? கேட்கிற வாய் எனக்குக் கிடையாது. பக்கத்து வீட்டில் கடுகு கேட்கக்கூட வாசலில் நின்று நின்று திரும்பி வந்தவள் நான். சத்திரத்து அம்மாதான் என் கையைப் பிடித்து எஸ்.டி.டி. பூத்துக்கு இழுத்துப் போனார். ஊரில் பஸ் நிற்கும் இடத்துக் கடையில் ஒரு போன் இருந்தது. அந்தக் கடைக்காரர் ஆளனுப்பி என் நாத்தனாரைக் கூட்டி வந்தார். அரை மணி கழித்து மறுபடி போட்டோம்.

"இன்னாமே, பிள்ள எப்படி கீது?" என்றார் நாத்தனார்.

எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் என் முதுகைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ரத்தம் என்ற சொல் வாயில் வரவில்லை. புற்றுநோய் என்றும் ஊருக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணி, எட்டு பேரு திருப்பதிக்கு வரணும். பிள்ளைக்கோசரம். சனிக்கிழம காலைல. வெறும் வயித்துல வரச் சொல்லு" என்றேன்.

"சரிமே. நான் பாத்துக்கிறேன். நீ அழுவாத."

வெறும் வயிறு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைக்கு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் ஒன்றும் கொடுக்காமல் கூட்டி வா என்பார்கள். ரத்தம் என்றால் வெறும் வயிறு என்று என் மனதில் பதிந்து போயிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டு வாசலில் எட்டு மொட்டைத் தலைகள் வந்து நின்றன. ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். சந்தனம் பூசிய தலை, மஞ்சள் துணி, நெற்றியில் நாமம். நடுவில் என் நாத்தனார், இடுப்பு வரை முடி வைத்திருந்தவர், அவரும் மொட்டை.

பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தாள்.

"அத்தே, உனுக்கும் அந்த மருந்து ஏத்திட்டாங்களா?" என்றாள்.

வார்டே சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. மூக்கில் வைத்த பஞ்சு நழுவி விழ, நான் எடுத்து மறுபடி வைத்தேன். சிவப்பாக இருந்தது.

புரட்டாசி சனிக்கிழமை, திருப்பதிக்கு வெறும் வயிற்றோடு வா என்றால் எங்கள் ஊரில் யாரும் வேறு எதையும் நினைக்க மாட்டார்கள். பிள்ளைக்காக வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரு வாய் தின்னாமல், படி ஏறி நடந்தே மலைக்குப் போய், மொட்டை போட்டு, நடந்தே இறங்கி வந்திருந்தார்கள்.

"கூட்டம் கொள்ளல மே. உள்ள போனா நாளைக்குத்தான் வெளிய விடுவான். பிள்ளைக்கு நேரமாய்டும்னு கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுக்கினு எறங்கிட்டோம்" என்றார் நாத்தனார். "பெருமாளு கோச்சிக்க மாட்டாரு இல்ல?"

அப்போதுதான் நான் ரத்தம் என்று சொன்னேன். நாத்தனார் திட்டவில்லை. "இத போன்லயே சொல்றதுக்கு இன்னா உனுக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க குடுக்கணும், காட்டு" என்றார்.

ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த நர்சம்மா ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எட்டுப் பேரும் பெருமையாகச் சொன்னார்கள். எத்தனை நேரமாக என்றார். நேற்றிலிருந்து என்றார்கள். நர்சம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். பட்டினியாக, மலை ஏறி இறங்கி வந்தவர்களிடம் எடுத்தால் இங்கேயே மயங்கி விழுவார்கள், நாளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, வாருங்கள் என்றார். கூட வந்திருந்த பெரியப்பா முறையான கிழவர் விடவில்லை.

"தாயே, நான் மூணு நாள் துன்னாம ஏர் ஓட்னவன். எனக்கு எடு."

"உங்களுக்கு எத்தன வயசு?"

"அம்பது."

"அம்பதா?"

"அம்பதுக்கு மேல கொஞ்சம் கீது."

அவருக்கு எழுபது இருக்கும். அவரை அங்கிருந்து கிளப்பவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சத்திரத்து அம்மா எட்டுப் பேரையும் வரிசையாக உட்கார வைத்து இரண்டு வேளையும் சோறு போட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலம் காய்கறி மூட்டை இறக்க வந்த மூன்று பேரிடம் பேசி, அவர்களைக் கையோடு அழைத்துப் போய்க் கொடுக்க வைத்தார். நாங்கள் யார் என்று கூட அவர்களுக்குத் தெரியாது. நான் கைகூப்பியபோது ஒருவர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களில் ஐந்து பேரிடம் எடுத்தார்கள். இரண்டு பெண்களுக்கு அவர்களுக்கே ரத்தம் போதவில்லை. கிழவரைச் சேர்க்கவில்லை. மூக்கு ரத்தம் நின்றது. ஆனால் சனிக்கிழமை ஏற வேண்டிய மருந்து திங்கட்கிழமைதான் ஏறியது.

தை மாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முடி பூனை முடி மாதிரி முளைத்தது. பள்ளிக்கூடம் போனாள், வாய்ப்பாடு மறந்துவிட்டதென்று அழுதாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் யார் முடி சீக்கிரம் வளர்கிறது என்று தினமும் போட்டி. ஆடிக்கு முன்னால் மறுபடி அந்த நீலத் திட்டு, முழங்காலுக்குக் கீழே. நான் அதைப் பார்த்துவிட்டுப் பாவாடையை இறக்கி விட்டேன். அன்றைக்கு முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த முறை திருப்பதி டாக்டர் மருந்து எழுதவில்லை. வீட்டில் வைத்துக்கொள், கேட்டதைக் கொடு என்றார். நாங்கள் திரும்பி வந்த மறுநாள் காலை காலனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அந்தக் கிழவர்.

"நல்லா களி துன்னுட்டு வந்துகிறேன் மே. வயசு கேட்டா நாப்பத்தஞ்சின்னு சொல்லிடறேன். வண்டிக்குச் சொல்லட்டுமா?"

வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார்கள். இனி வேண்டாம் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவர்களுக்குக் கேட்டது. கிழவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரிலிருந்து அவள் நைனா வந்து சேர்ந்தார். அவர் மடியில் இரண்டு நாள் இருந்தாள்.

ஒரு மாசம் கழித்து நான் தனியாகத் திருப்பதிக்குப் போனேன். கூட வருகிறேன் என்ற நாத்தனாரையும் வேண்டாம் என்றேன். வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போய் டாக்டர் முன்னால் நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். வழியெல்லாம் தெலுங்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டேன். நான் போனில் தப்பாகச் சொன்னதால் இரண்டு நாள் மருந்து தள்ளிப் போனதே, அன்றைக்கே ஏறியிருந்தால் என் பிள்ளை இருந்திருக்குமா?

அவர் மேஜையைப் பார்த்தார்.

"ஆ ரோஜு வல்ல காதம்மா" என்றார். அந்த நாளால் இல்லை அம்மா என்று சொன்னார்.

அது நிஜமா, என் மனதுக்காகச் சொன்னதா என்று இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து அவளுக்கு வழி விட்டேன்.